நாலு கை வேலை

ஜனவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நலம், நம் காரும் நலம் என்று எழுத ஆசைதான். நான் நலம். கார் போன ஞாயிறு ரேஸ் டிராக்கில் மூன்றாவது வளைவில் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கிவிட்டது. பயப்படாதீர்கள், எனக்கும் அதற்கும் ஒரு கீறல்கூட இல்லை. வேகம் கூடினால் பின்பக்கம் லேசாகிவிடுகிறது. காற்று அதைக் கீழே அழுத்திப் பிடிக்க ஓர் இறக்கை வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அதைச் செய்துவிடப் போகிறேன். கடையில் விற்பது நமக்குக் கட்டுப்படியாகாது. நம் ஷெட்டிலேயே கார்பன் துணியில் செய்கிறேன்.

பின்தெருவில் ஃபைபர் படகு பழுதுபார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். துணியில் தடவி இறுகவைக்கும் ரெசின் பசை எங்கே கிடைக்கும் என்று கேட்கப் போனேன். மறுநாளே கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்றுவிட்டார். ரெசினைக் கலந்தால் இருபது நிமிஷத்தில் இறுக ஆரம்பித்துவிடுமாம். "இது நாலு கை வேலைம்மா. தனியா செஞ்சா பாதியிலயே கல்லாயிடும்" என்றார். சனி, ஞாயிறு வந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் சுரங்க முகாமுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் தபால் வண்டி வரும் என்று தெரியும். அது திரும்புவதற்குள் நாலு வரியாவது எழுதிக் கொடுத்துவிடுங்கள். போன் எடுக்காத இடத்தில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டவளுக்குக் கடிதமாவது தவறாமல் வரட்டும்.

உங்கள் டிரைவரம்மா

ஜனவரி 24

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

உன் கடிதம் போன சனிக்கிழமையே வந்துவிட்டது. உடனே எழுதியிருந்தால் கோபமாக எழுதியிருப்பேன். ஒரு வாரம் ஆறப்போட்டும் ஆறவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

புல்லுக்குள் இறங்கினாய் என்று படித்ததும் நெஞ்சு பதறியது. அடுத்த பத்தியில் படகுக்காரர் வந்தார். பதற்றம் போய் வயிறு எரிய ஆரம்பித்தது. வெறும் தகரக் கூடாகக் கிடந்த வண்டியை மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்து நாம் இருவரும் காராக்கினோம். இறக்கையும் என் யோசனை. ஜூனில் நான் வரும்வரை தள்ளிப்போட முடியாதா? நாலு கை வேலை என்றால் அதில் இரண்டு என்னுடையதாக இருக்கவேண்டும் என்று நினைப்பது தப்பா?

சில கேள்விகள். அவருக்கு என்ன வயது? குடும்பம் உண்டா? தலையில் முடி இருக்கிறதா? என் ஸ்டூலில் உட்காருகிறாரா? கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பதில் எழுது.

இறக்கையின் வளைந்த பக்கம் கீழே வரவேண்டும். விமானத்துக்கு மேலே, காருக்குக் கீழே. மாற்றிப் பூட்டினால் பின்பக்கம் இன்னும் தூக்கும். இதை அவர் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். படகுக்கு ஏது இறக்கை.

இங்கே எல்லாம் பழையபடிதான். துளையிடும் மிஷின் வாரம் ஒருமுறை படுக்கிறது, நான் வாரம் ஒருமுறை திட்டு வாங்குகிறேன்.

உன் மெக்கானிக்

பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

வயது நாற்பதுக்குள். குடும்பம் இல்லை. முடி இருக்கிறது, நிறைய. உங்கள் ஸ்டூலில் உட்காரவில்லை, மனிதர் உட்காருவதே இல்லை. போதுமா? உங்கள் கேள்விகளைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் புருஷன் பொறாமைப்படுவது எல்லாருக்குமா வாய்க்கும்?

தள்ளிப்போட முடியாது மாமா. 16ஆம் தேதி ஞாயிறு மறுபடி டிராக் திறக்கிறார்கள். அதை விட்டால் மே மாதம்தான்.

ஃபோம் கட்டையைச் சூடேற்றிய கம்பியால் இறக்கை வடிவத்தில் போன வாரமே அறுத்துவிட்டோம். நேற்று துணி சுற்றினோம். கார்பன் துணி வெட்ட வெட்ட ஓரம் பிரிந்து உயிரை வாங்கியது. டேப் ஒட்டி அதன்மேல் வெட்டச் சொன்னார், அப்புறம் அடங்கியது. ஒருபக்கம் அவர் இழுத்துப் பிடிக்க, மறுபக்கம் நான் ரெசினைத் தடவ, மூன்று சுற்று. பிறகு முழுவதையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடினோம். பையிலிருந்து காற்றை உறிஞ்ச, 'யாரும் தொடாதே' என்று நீங்கள் எழுதி ஒட்டிவைத்திருந்த பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றவேண்டியதாகிவிட்டது. மன்னிக்கவும். பை சுருங்கி இறக்கையைக் கவ்விப் பிடித்ததும் கைதட்டிவிட்டேன்.

இன்று காலை பிரித்தோம். கருகருவென்று மின்னுகிறது, தூக்கினால் கனமே தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதைக் கீழே வைக்கவே விட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும், இறக்கையைக் காரோடு பிணைக்கும் தாங்கிகள் எங்கே, போல்ட் எங்கே என்று படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் திட்டி எழுதுங்கள், எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் திட்டலாம். உங்கள் பதில் வந்த பிறகுதான் துளை போடுவேன்.

உங்கள் டிரைவரம்மா

பிப்ரவரி 8

டிரைவரம்மாவுக்கு,

தபால் வண்டி கிளம்பப்போகிறது, அதனால் நாலு வரி. படம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. திட்ட ஒன்றும் இல்லை. துளை போட்டுப் பூட்டலாம். தெரிந்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது எங்கேயோ இருக்கிறவனிடம் கேட்பானேன். கம்ப்ரஸர் போனால் போகட்டும்.

மெக்கானிக்

பிப்ரவரி 12

என் அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

இந்தக் கடிதம் வரும்போது 16ஆம் தேதி போயிருக்கும். நான் அனுப்பிய செய்தி உனக்குக் கிடைத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. நீ இதைப் படிக்கும் நிலையில் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லாம் சரி என்று எழுதியது பொய். படத்தைப் பிரித்த உடனே என் கண்ணில் பட்டுவிட்டது. தாங்கியின் போல்ட் நேராக ஃபோமுக்குள் இறங்குகிறது. அந்த இடத்தில் ஃபோமை எடுத்துவிட்டு மரக்கட்டை பதிக்கவேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டை முறுக்க முறுக்க ஃபோம் நசுங்கும், மேலே உள்ள கார்பன் விரியும். வேகமாகப் போகும்போது வளைவில் இறக்கை பிய்த்துக்கொண்டு போனால் கார் சுழலும். இதெல்லாம் தெரிந்துதான் 'பூட்டலாம்' என்று எழுதினேன்.

பொறாமை. வேறு பெயர் சொல்லி அதை மூடப்போவதில்லை. ஒருபக்கம் அவர் இழுத்துப் பிடிக்க, மறுபக்கம் நீ தடவ என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் வேலை உன் கண் முன்னாலேயே சொதப்பட்டும், 'மாமா இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது' என்று நீ ஒரு தடவை நினைக்கட்டும் என்று புத்தி போயிற்று. ஷெட்டில் பூட்டும்போதே விரிந்துவிடும், ஆபத்து வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தபால் வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான், விரியாமல் தாங்கிவிட்டால் நீ அதோடு டிராக்கில் இறங்கிவிடுவாயே என்று உறைத்தது.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இன்று காலை மேனேஜரிடம் போனேன். இங்கே வயர்லெஸ்ஸில் பேசுவது விபத்துக்கு மட்டும்தான். "என்னப்பா, யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்றார். "இன்னும் படல சார்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தார். 'மரக்கட்டை பதிக்காமல் டிராக்கில் இறங்காதே' என்ற செய்தியைத் தலைமை அலுவலகத்துக்குச் சொன்னார். அவர்கள் நம் வீட்டுக்குப் போன் செய்வார்களாம்.

என்னைத் திட்டு. திட்டி ஒரு கடிதம் வந்தால் போதும்.

உன் மெக்கானிக்

பிப்ரவரி 19

மாமாவுக்கு,

முழுசாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டே மீதியைத் தாவிப் படிப்பீர்கள். இறக்கையும் முழுசாக இருக்கிறது. மூன்றாவது வளைவில் கார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையவில்லை.

மரக்கட்டை உள்ளேதான் இருக்கிறது. ஃபோமை அறுத்த அன்றே படகுக்காரர் முதல் வேலையாக அதைத்தான் பதித்தார். படகில் போல்ட் போகிற இடமெல்லாம் அப்படித்தானாம். படத்தில்தான் நான் வரையவில்லை. வேண்டுமென்றே விட்டேன். காரில் உங்கள் கை படவில்லையே என்ற தவிப்பு உங்கள் கேள்விகளில் தெரிந்தது. நீங்கள் அதைக் கண்டுபிடித்து இரண்டு பக்கம் திட்டுவீர்கள், நீங்கள் சொல்லித்தான் கட்டை வைத்தேன் என்று நானும் எழுதுவேன், இறக்கையில் உங்கள் பங்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்த படகுக்காரர், "கட்டையைக் காணோமேம்மா?" என்றார். "அது எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன். அது அசட்டுத்தனம்தான், உங்களைச் சோதிக்க நினைக்கவில்லை.

போன வாரம் செவ்வாய் உங்கள் 'எல்லாம் சரி' வந்தது. கோபத்தில் படத்தைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாள் போன் வந்தது. யாரோ ஒரு பெண் உங்கள் செய்தியை வாசித்தாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் பார்த்துவிட்டுத்தான் பூட்டச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் பட்ட பாடு பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். திட்டச் சொல்லியிருக்கிறீர்கள். உட்கார்ந்து பார்த்தேன், திட்ட வரவில்லை. ஜூனில் வாருங்கள். வீட்டில் உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது.

டிராக்குக்குப் போகுமுன், சனிக்கிழமை, காரை உயர்த்தி நிறுத்தி அடியில் படுத்தேன். முகாமுக்குப் போகுமுன் நீங்கள் முறுக்கிவிட்டுப் போன ஸ்டியரிங் நட்டு, பிரேக் நட்டு எல்லாவற்றையும் ஸ்பேனர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. நீங்கள் முறுக்கியதை நான் சரிபார்த்தது இதுதான் முதல் தடவை. இனி நீங்கள் வந்த பிறகும் பார்ப்பேன்.

உங்கள் மனைவி