மூன்றாம் பெட்டிக்கான பலகை

கினு,

காலையில் உன் படத்தின் முன் சோறு வைத்தபோதே சொல்ல நினைத்தேன். நீ சண்டை போட்டுக் கேட்ட லிஃப்டை நம் ஸ்டேஷனில் திறந்துவிட்டார்கள். உன்னைச் சக்கர நாற்காலியோடு நாலு பேர் தூக்கி இறக்கிய பழைய மரப் படிக்கட்டை அடைத்தாயிற்று. பொத்தான் உன் கைக்கு எட்டுகிற உயரம். நான்தான் குனிய வேண்டும்.

மாலையில் முந்தின ஸ்டேஷனிலிருந்து வழக்கமான போன் வந்தது: "சக்கர நாற்காலி, மூணாவது பெட்டி." நாற்காலி உருண்டு இறங்கப் பெட்டி வாசலில் போடும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"போனே அடிக்கலையேண்ணே, எங்க ஓடுறீங்க?" என்று டிக்கெட் வாசலிலிருந்து குவாபாரா கத்தினான். அவனுக்குக் காது மந்தம் என்று நீயே சொல்வாயே.

கதவு திறந்ததும் பலகையைப் போட்டேன். ஏற வந்தவர்கள், நீ இறங்கும்போது ஒதுங்குவதுபோலவே ஒதுங்கி, தலை குனிந்து நின்றார்கள். மீன்கடைக்கார அம்மா காலி வாசலைப் பார்த்து, "மெதுவா வாம்மா, அவசரமில்ல" என்றாள். கார்டும் விசில் ஊதாமல் காத்திருந்தார்.

ரயில் போனபின் குவாபாரா வந்து பலகையை வாங்கிக்கொண்டான்.

"நாளைக்குப் போன் வந்தா நான் எடுக்குறேண்ணே."

லிஃப்டில் ஓரமாகவே நின்று இறங்கினேன். நடுவில் உனக்கு இடம் வேண்டுமே.

உன் வீட்டுக்காரன்