சிங்கப்பூர்க் கடைக்கு மறுப்புச் சொல்ல வேண்டும்

செப். 22, திங்கள்
காலை முதல் மழை. பெக்கான் நானாஸ் ஊர் முழுக்கச் சேறு. முறுக்கு டப்பாக்களை அடுப்புப் பக்கம் நகர்த்தினேன்.

சிங்கப்பூர்க் கடைக்காரர் போன். சீனர், நல்ல மனிதர், வேகமான இங்கிலீஷ். தீபாவளிக்கு இரண்டு மடங்கு முறுக்கு வேண்டுமாம். என்னால் ஆகாது. வலது மணிக்கட்டு வீக்கம். துணைக்குச் செல்வி ஒருத்திதான். "வீ சீ ஃபர்ஸ்ட் லா, பாஸ்" என்றேன். பார்க்கலாம் என்றால் முடியாது என்று நம் பக்கம் யாருக்கும் புரியும். முகத்துக்கு நேரே முடியாது என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை.

பேத்தி ரேகா இன்ஜினியர் ஆனதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

செப். 23, செவ்வாய்
கடைக்காரரின் வாட்ஸ்அப். செல்வி படித்தாள். ஒத்துக்கொண்டதற்கு நன்றியாம், லாரி அனுப்புகிறாராம். நான் சொன்னதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்!

சரக்கு போகாவிட்டால் கடை கைவிட்டுப் போகும். இருக்கும் ஒரே பெரிய கடை.

ரேகாவைப் பேசச் சொல்லலாம் என்றாள் செல்வி. கூடாது. பாட்டி ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் இங்கிலீஷில் வியாபாரம் செய்கிறாள் என்று அந்தப் பிள்ளை ஊரெல்லாம் சொல்கிறது.

செப். 24, புதன்
மாலை, மண்டபத்தில் வியாபார இங்கிலீஷ் வகுப்பு. ஃபரிதா டீச்சர் பலகையில் எழுதியது:
புட் ஆஃப் - தள்ளிப்போடுவது
டேக் ஆன் - வேலையை ஏற்பது
டர்ன் டவுன் - வந்த வேலையை மறுப்பது

கடைசியை மட்டும் நோட்டில் இரண்டு தடவை எழுதிக்கொண்டேன். ஒருவர் ஆர்டர் கொடுக்க, மற்றவர் மறுக்க வேண்டும். எனக்கு ஜோடி லாரி முனியாண்டி. கால்மேல் கால் போட்டு முதலாளி மாதிரி கேட்டான். என் வாயில் முடியும், முடியும் என்று "கேன், கேன்" வந்துவிட்டது. வகுப்பே சிரிப்பு.

"அக்கா, என் பழைய லாரியையும் வாங்கிக்கிறீங்களா?"

எல்லாரும் போனபின் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் வாப்பா கடையிலும் இதே பழக்கம்தானாம்.

"முதல்ல சாரி, அப்புறம் காரணம் ஒன்னு, அப்புறம் டர்ன் டவுன். அதோட நிறுத்திடுங்கம்மா. பார்க்கலாம்னு மட்டும் சேர்த்துடாதீங்க."

செப். 25, வியாழன்
வெயில். போனை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். செல்வியைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டுக் கடைக்காரருக்குப் போன் அடித்தேன்.

"சாரி பாஸ். மை ஹேண்ட் பெயின். எக்ஸ்ட்ரா ஆர்டர் ஐ ஹேவ் டு டர்ன் டவுன்."

அவர் விடவில்லை.

"ஆண்ட்டி, மண்டே யூ நெவர் சே நோ."

நிஜம்தான். பார்க்கலாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. விழுங்கினேன். டர்ன் டவுன் என்றேன், மறுபடியும். "ஓகே" என்று வைத்துவிட்டார். கோபமா, இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

செல்வி வந்து, அரிசி எவ்வளவு ஊறவைக்க என்றாள்.

எப்போதும் போடும் அளவு என்றேன்.