சத்தம் வராத கொம்பியூட்டர்

ஐப்பசி 8, ஞாயிறு

கனடாவில் இருக்கும் பேத்தி மதுரா விஜயதசமியன்று தேவாரம் பழகத் தொடங்கினாள். இரண்டு வாரமாகக் கொம்பியூட்டரில் பாடிக் காட்டுகிறாள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் வீடே அதிர்கிறது. இந்தப் பெட்டி மட்டும் ஊமை. ஆனாலும் கோயிலில் என் சிநேகிதி பரமேசிடம், "என்ர பேத்திக்கு மணி மாதிரிக் குரல்" என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் கேட்க வருகிறாளாம்.

இன்று சாம்பல்தீவிலிருந்து சின்ன மருமகன் சிவாவை வரச் சொன்னேன்.

"கடைக்காரன் பழுதானதைத் தந்து ஏமாத்திப்போட்டான், தம்பி."

அவர் ஸ்பீக்கரைப் போனில் போட்டுப் பார்த்தார். அது நன்றாகப் பாடியது. பிறகு பெட்டியைத் திருப்பி, வயர் செருகும் ஓட்டைகளுக்கு டோர்ச் அடித்தார்.

"மாமி, ஆர் இதுக்குள்ள சந்தனம் அடைச்சது?"

ஆயுத பூசையன்று வயரைக் கழற்றி, பொட்டு வைத்து, திரும்பச் செருகியது நான்தான். பச்சை, நீலம், ரோசா என்று வட்டம் வட்டமாக இருந்தன. பொட்டுக்கென்றே விட்ட இடம் என்று நினைத்தேன்.

"முன்பக்கம் மட்டும் வைச்சாக் காணாதோ, மாமி?"

"அங்கயும் ரெண்டு ஓட்டை இருந்தது. வைச்சனான்."

சிவா ஈர்க்கால் மெல்லச் சுரண்டி எடுத்தார். மதுராவைக் கூப்பிட்டோம். சத்தம் வந்தது.

"அம்மம்மா, கேக்குதோ?"

என் கண் நிறைந்துவிட்டது. பிறகு அவள் பாடினாள். சுருதி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். சிவா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாடுறாய், குஞ்சு" என்றேன்.

பரமேஸ் நாளைக்கு வந்துவிடுவாள். சாமியறைக் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சந்தனம் இருக்கிறது.