நீங்கள் கையெழுத்து வைக்காத வசனம்

அண்ணை,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாடு முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கைப்பையில் உங்கள் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் இருக்கிறது. அச்சு மை மணம் இன்னும் போகவில்லை. அந்த மணத்தில் எனக்குத் தலை இடிக்கிறது. அட்டையில் நீங்கள் சிரிக்கிறீர்கள். உள்ளே தேவாரம், உங்கள் குடும்ப விபரம், எங்கள் ஸ்காபரோத் தமிழ்ச் சங்கத் தலைவரின் அஞ்சலி. அதற்கடுத்த பக்கம் முழுக்கப் பிள்ளையார் படம். அந்தப் பக்கத்தில் வந்திருக்க வேண்டியது நான் உங்களைப் பற்றி எழுதிய நினைவுரை. பிள்ளையாரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவரைக் கொண்டுபோய் அங்கே இருத்தியவர்களில்தான் கோபம்.

போன கிழமை தலைவர் மாதிரித் தாள்களைப் பிழை திருத்தச் சொல்லித் தந்துவிட்டுப் போனார். குசினி மேசையில் சிவப்புப் பேனையோடு இருந்தேன். இரண்டாம் பந்தியில் நான் எழுதாத ஒரு வசனம் என் பெயரில் நின்றது. "கியூபெக் பிரிவினை பற்றி அன்னார் பேசியது பட்டிமன்றத்துக்காக மட்டுமே; அது அவருடைய சொந்தக் கருத்தன்று." வாசிக்க எனக்குப் பற்றி எரிந்தது. உயிரோடு இருந்த மனிதரிடம் வாங்க முடியாத வசனத்தை, அவர் கண்ணை மூடியதும் என் கையால் எழுதி எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். என்ன துணிவு பாருங்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் அந்த நவராத்திரி வாணி விழாவை எல்லோரும் மறந்துவிட்டது போல நடிக்கிறார்கள். நான் மறக்கவில்லை. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் பிரிந்து தனிநாடாவதா என்று அங்கே சர்வசன வாக்கெடுப்பு வந்துகொண்டிருந்த நேரம் அது. தொலைக்காட்சியைப் போட்டால் அது, கோப்பிக் கடைக்குப் போனால் அது, கோயில் வாசலில் செருப்புக் கழற்றும்போதும் அது. சங்கமே பட்டிமன்றத் தலைப்பை வைத்தது: கியூபெக் பிரிந்து போகக் கேட்பது நியாயமா, இல்லையா? நியாயமில்லை என்று பேசுவதற்கு ஆட்கள் நான் நீ என்று அடிபட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு என்னைத் தலைவி ஆக்கினார்கள். நியாயம் என்று பேச ஒரு குஞ்சும் வரவில்லை. அகதி வழக்கு முடியாதவர்கள் பயந்தார்கள். முடிந்தவர்களோ, சோறு போடுகிற நாட்டைப் பற்றி அப்படிப் பேசலாமா என்றார்கள்.

அப்போதுதான் தலைவர் உங்கள் வீடு தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன், கண்ணால் கண்டவள். உங்கள் மனைவி போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, நீங்கள் கியூபெக்கில் மொன்றியல் நகரில் இருந்தவர், பிரெஞ்சும் தெரியும், சங்கத்துக்காக ஒருக்கால் இதைப் பொறுப்பெடுங்கோ என்று கெஞ்சினார். நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்கும் அது முதலில் ஒரு விளையாட்டுத்தான். ஆனால் நீங்கள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லையே. உங்கள் தொழிலான கார் றைவிங் பழக்கிவிட்டு வரும் வழியில் நூலகத்தில் இறங்கி, பிரெஞ்சுப் பத்திரிகைகளை எல்லாம் வாசித்தீர்கள். ஒருநாள் என்னிடம், "தங்கச்சி, இதிலை விசயம் இருக்குது" என்றீர்கள்.

மேடையில் நீங்கள் சத்தம் போடவில்லை. மொன்றியலில் நீங்கள் வேலை செய்த தையல் ஆலையைப் பற்றிச் சொன்னீர்கள். பக்கத்து மெசினில் இருந்த வயதான பிரெஞ்சுக்காரி தன் தகப்பனைப் பற்றிச் சொன்ன கதை அது. தன் சொந்த ஊரிலேயே, வேலையிடத்தில் தாய்மொழி பேசியதற்காக அந்த மனிதர் ஏச்சு வாங்கியிருக்கிறார். பிறகு கேட்டீர்கள்:

"அங்கை ஊரிலை எங்களுக்கு வேணும் எண்டு நாங்கள் கேக்கிறதை இஞ்சை இன்னொருத்தன் கேட்டா, எங்களுக்கு ஏன் கசக்குது?"

நடுவர் மணியை அடித்தார். உங்களுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின்வரிசையில் ஒருவர் கூவினார், அதைக் கேட்டு இன்னும் சிலர் கூவினார்கள். நீங்கள் ஒலிவாங்கியை வைத்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தீர்கள்.

நான் எழுந்து என்னுடையதைப் பேசினேன். ஒன்றுமில்லாமல் வந்திறங்கிய எங்களுக்கு இந்த நாடு ஒன்றாக இருந்தால்தான் நிம்மதி என்றேன். மொன்றியலில் இருக்கும் எங்கள் சனம் பிரெஞ்சு தெரியாமல் எங்கே போகும் என்றேன். நான் நம்பித்தான் பேசினேன், இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது, தீர்ப்பும் எங்களுக்கே. வடையும் தேத்தண்ணியும் கொடுக்கிற இடத்தில் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். "நல்லாக் கதைச்சனீர். ஆனா நான் கேட்டதுக்கு நீர் மறுமொழி சொல்லேல்லை" என்றீர்கள். கோபமே இல்லை உங்கள் முகத்தில்.

அதோடு முடிந்திருந்தால் பட்டிமன்றம் பட்டிமன்றமாகவே போயிருக்கும். வாக்கெடுப்புக்கு முன் தலைவரும் நாலைந்து பேரும் வான் வண்டியில் மொன்றியலுக்குப் போய், நாடு பிரியக் கூடாது என்று மேப்பிள் இலைக் கொடி ஆட்டிவிட்டு வந்தார்கள். ஆட்டட்டும், நல்லதுதான். வாக்கெடுப்பில் பிரிவினை மயிரிழையில் தோற்றது. அடுத்த நாள் காலை வானொலியில் கேட்டோம், தோற்ற பக்கத்தின் தலைவர் பணத்தையும் வேற்றினத்தவரின் வாக்குகளையும் பழி சொன்னாராம். எங்கள் சனம் கொதித்தது. நானும் கொதித்தேன். இந்த மண்ணில் வரி கட்டி, பனி வழித்து, பிள்ளை பெற்று வளர்க்கிறவர்களைப் பார்த்துச் சொல்கிற கதையா அது?

ஆனால் அந்தாள் மொன்றியலில் சொன்னதற்கு ஸ்காபரோவில் அடி விழுந்தது உங்களுக்கு. இரவும் பகலும் தொலைபேசி. உன்னுடைய பிரெஞ்சுக்காரன் சொன்னதைக் கேட்டியா என்று ஒருவன். துரோகி என்று இன்னொருவன். அந்தச் சொல் எங்கள் ஊரில் எத்தனை உயிரை எடுத்தது என்று தெரிந்தவர்கள்தானே எல்லோரும்! உங்களிடம் றைவிங் பழகிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஒரு தாய், மகளின் பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, பழகினது காணும் என்றாள். வேலையில்லாமல் உங்கள் கார் வீட்டு வாசலில் கூரையில் றைவிங் விளம்பரப் பலகையோடு நின்றதை நான் எத்தனை நாள் பார்த்தேன். அந்தாள் பேசியது உங்களுக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. எங்களைவிட உங்களுக்கே கூடுதலாக நொந்தது என்று நினைக்கிறேன். அதை யார் கேட்டார்கள்?

பிறகு தலைவர் ஒரு வழியோடு வந்தார். தமிழ்ப் பத்திரிகையில் ஒரு சிறு அறிவித்தல் போடலாம், ஒரே ஒரு வசனம், பட்டிமன்றத்துக்காகப் பேசியது, சொந்தக் கருத்தல்ல. நீங்கள் கையெழுத்து வைத்தால் காணும், சனம் ஆறிவிடும், பழைய மாதிரி எல்லாம் நடக்கும். கேட்டவர் யார்? உங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்து உங்களை அந்தப் பக்கம் இழுத்துவிட்ட அதே மனிதர். நீங்கள் வைக்கவில்லை. அன்று என்னைக் காரில் வீட்டில் இறக்கிவிடும்போதுதான் சொன்னீர்கள்:

"நான் சொன்னதை நான் சொல்லேல்லை எண்டு எழுதட்டாம். உதுக்கே தங்கச்சி ஊரை விட்டு வந்தனாங்கள்?"

அதற்குப் பிறகு சங்க மேடையில் உங்களை ஒருவரும் ஏற்றவில்லை. நீங்கள் கதிரை அடுக்கி, திரை கட்டி, வளர்த்த சங்கம். இப்போது செத்த வீட்டுக்கு "எமது சங்கத்தின் தூண்" என்று எழுதி மலர் வளையம் வைக்கிறார்கள். வெட்கமாவது இருக்க வேண்டாமா?

தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்களுடைய நல்ல பெயருக்காகத்தான் அந்த வசனத்தைச் சேர்த்ததாகச் சொன்னார். உங்கள் பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, கழுவ வேண்டியது அவருடைய பெயரைத்தான் என்றேன். அந்த வசனம் இல்லாமல் போட ஏலாது என்றார். அப்படியென்றால் என்னுடையது முழுவதையும் எடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார்கள். பிள்ளையார் வந்தது அப்படித்தான்.

அதோடும் விட்டாரா? இன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் எழும்பி உங்களைப் புகழ்ந்தார். புகழ்ந்துகொண்டு போய், அந்தப் பட்டிமன்றத்தில் அண்ணை பேசியது சும்மா பேச்சுக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எழும்பினேன்.

"இல்லை. அவர் நம்பித்தான் கதைச்சவர். எதிர்ப்பக்கம் இருந்தனான் நான். எனக்குத் தெரியும்."

வாழையிலை போட்டுக்கொண்டிருந்த உங்கள் மனைவி நிமிர்ந்தா. அவவும் என்னில் கோபிப்பா என்றுதான் நினைத்தேன். அவ எல்லோரையும் ஒருமுறை பார்த்தா.

"ஓம். வீட்டுக்காசு கட்ட வழியில்லை, கையெழுத்தை வையுங்கோ எண்டு நான்தான் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டனான். எனக்காகவும் வைக்கேல்லை அந்த மனிசன்."

சொல்லிவிட்டு மிச்ச இலைகளைப் போடத் தொடங்கினா. தலைவர் கதிரையில் இருந்துவிட்டார்.

அண்ணை, நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை. கியூபெக் பிரியக் கூடாது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் வடைத் தட்டோடு நின்று நீங்கள் சொன்னது உண்மை. உங்கள் கேள்விக்கு அன்று நான் மறுமொழி சொல்லவில்லை, இன்றைக்கும் என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த வாணி விழாவில் மேடை தந்தால் அந்தக் கேள்வியை நானே கேட்பேன், மணி அடித்தாலும் இறங்க மாட்டேன். தர மாட்டார்கள். பரவாயில்லை, கோயில் வாசலில் செருப்புக் கழற்றும் சனத்திடம் கேட்கிறேன்.