யானைகளை விட்டுப் போன தீவு

செஞ்சி
14-6-1962

என் கணவர் அவர்களுக்கு, உண்ணாமலை வணக்கத்துடன் எழுதுவது.

நானும் அமிர்தவல்லியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனது அப்படி இல்லை. அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்கவில்லை. ராஜகிரி மலைப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் பாறைச் சூடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

நேற்று மேல்மலையனூர் தனகோட்டி வந்தார். உங்களோடு அந்தமான் மரக் கம்பெனிக்குச் சமையலுக்குப் போனாரே, அவர்தான். கறுத்து இளைத்து, அடையாளமே தெரியவில்லை. என் நைனாவின் பாத்திரக்கடையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னார். காண்ட்ராக்டர் நொடித்துப்போய் சித்திரையிலேயே வேலையை நிறுத்திவிட்டாராம். ஆட்களை எல்லாம் படகில் ஏற்றி மாயாபந்தருக்கு அனுப்பிவிட்டாராம். மரம் இழுத்த நாற்பது யானைகளைத் திரும்பக் கப்பலேற்ற வழியில்லை என்று அந்தத் தீவிலேயே அவிழ்த்து விட்டுவிட்டார்களாம்.

"ஐயாவும் ராஞ்சிப் பாகன் ஒருத்தரும் மட்டும் படகுல ஏறலம்மா. கரையிலயே நின்னுட்டாங்க. ஏன்னு கேட்டா, நீங்க போங்கன்னாரு ஐயா. அவ்ளோதான்" என்றார்.

நைனா அவரைத் தனியே அழைத்துப்போய், அங்கே உங்களுக்கு வேறு குடும்பம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். தனகோட்டி, அந்தத் தீவில் குடும்பமே கிடையாது, வேறு மனுசரே கிடையாது என்று சத்தியம் செய்தாராம். நைனாவுக்கு அதில் நிம்மதி. எனக்கு அதுதான் பயம்.

நேற்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உலையில் அரிசி போட்டதை மறந்து தெருவுக்கு வந்து நிற்கிறேன். தபாலாபீசுக்கு மூன்று முறை போய்விட்டேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தபால்காரர் தலையை ஆட்டிவிடுகிறார்.

அந்தமான் என்றாலே இங்கே இன்னும் தீவாந்திர தண்டனைதான். நீங்கள் மாட்டாஸ்பத்திரி காம்பவுண்டர் வேலையை விட்டுவிட்டு யானைக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறீர்கள் என்று எத்தனை பேரிடம் சொல்வது? பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அமிர்தாவைக் 'கைதி மகள்' என்று கூப்பிட்டிருக்கிறாள். நம் குழந்தை அழவில்லை. அவளுடைய டீச்சர் சாரதாவிடம் போய், அந்தமானில் இப்போதும் கைதிகள் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் தேசப்படமும் ஒரு புத்தகமும் எடுத்துவந்து எனக்கும் காட்டினார். சென்னையிலிருந்து என் விரலில் ஒரு கணு அகலம் நீலம். அதற்கு அப்பால் எறும்பு ஊர்ந்த மாதிரி நெட்டுக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகள். சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு ஆட்களைச் சங்கிலியோடு கொண்டுபோய் அங்கேதான் இறக்கினார்களாம். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் மூன்று வருஷம் பிடித்துவைத்துக்கொண்டு, வேவு பார்த்தார்கள் என்று சொல்லி எத்தனையோ பேரைக் கொன்றானாம். புலி, சிறுத்தை கிடையாது என்றார். அப்பாடா என்று நினைத்தேன். அடுத்த வரியில், உப்புத் தண்ணீர்க் கழிகளில் முதலை உண்டு, கடலிலேயே நீந்திப் போகும் என்று படித்தார். இதை ஒரு கடிதத்திலாவது எழுதினீர்களா?

படகில் ஏன் ஏறவில்லை? சிங்கவரத்து விஷயம்தான் காரணம் என்றால் அதையாவது எழுதுங்கள். ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் அல்லவா?

குழந்தை உங்களுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். ரங்கநாதர் உங்களை அந்தத் தண்ணீருக்கு நடுவில் காப்பாற்றட்டும்.

உண்ணாமலை

*

செஞ்சி
5-9-1962

என் கணவர் அவர்களுக்கு உண்ணாமலை எழுதுவது.

உங்கள் கடிதம் ஐந்து வாரம் கடலில் கிடந்து வந்து சேர்ந்தது. பதினொரு பக்கம். நாலு தடவை படித்துவிட்டேன். முதல் தடவை நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்தேன். இரண்டாம் தடவை எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மிச்சமெல்லாம் ஜமுனாதான்.

அமிர்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பின்னங்காலில் சங்கிலி அறுத்து எலும்பு தெரியப் புண்ணாகி, புழு வைத்து, மற்ற யானைகளோடு காட்டுக்குள் போக முடியாமல் கரையிலேயே நின்ற கிழட்டுப் பெண்யானை. நீங்கள் ஊதா மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வந்தால் தானாகவே காலைத் தூக்கிக் கொடுக்கிறதாம். உங்களோடு தங்கிவிட்ட அந்த ராஞ்சிப் பாகன் அதன் காதோடு ஏதோ பாடுகிறாராம். இதைக் கேட்டதிலிருந்து குழந்தை தெருவில் போகும் மாட்டுக்கெல்லாம் ஜமுனா என்று பேர் வைக்கிறாள்.

கடல்பசுவைப் பற்றி எழுதியதையும் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையோரம் வந்து, கடலடியில் முளைத்த புல்லை மேய்ந்துவிட்டு, மூச்சு வாங்க மூக்கை மட்டும் வெளியே நீட்டுமாமே. கட்டில் அகல ஆமை கரையேறி, கண்ணில் நீர் வடிய மணலைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அவளுக்குப் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

காட்டு மரங்களைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த மரங்கள் முளைத்த நாளிலிருந்து யானையைப் பார்த்ததில்லை. இப்போது நாற்பது யானையும் பட்டையை உரித்துத் தின்கின்றன. இப்படியே போனால் தீவே வேறாகிவிடும், யானை மேலும் குற்றமில்லை, கொண்டுவந்தவன் போய்விட்டான் என்கிறீர்கள். பிறகு அந்தச் சிப்பி மேடு. காட்டுக்குள்ளே இரண்டு ஆள் உயரத்துக்குச் சிப்பியும் பன்றி எலும்புமாகக் குவிந்து கிடக்கிறது, எத்தனையோ தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்ட இடம், இப்போது அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைக்காரன் வந்த பிறகு தட்டம்மை வந்ததாம். அவர்கள் உடம்புக்கு அது தெரியாத நோயாம். தீவு தீவாகச் செத்தார்களாம். அதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'காவல் இருக்க வந்தவன் கையால் வந்த சாவு' என்று இருந்தது.

இவ்வளவு தூரம் போயும் நீங்கள் சிங்கவரத்தில்தான் இருக்கிறீர்கள் என்று அப்போது புரிந்தது.

இதுவரை நாம் இருவரும் வாய்விட்டுப் பேசாததை இன்று எழுதிவிடுகிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மாட்டு வெக்கை நோய் பரவியபோது, விழுப்புரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் தடுப்பு மருந்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். நேரே சிங்கவரம் போக சைக்கிளை எடுத்தீர்கள். அன்றைக்கு என் தங்கை ரஞ்சிதத்துக்கு நிச்சயதார்த்தம். மூத்த மாப்பிள்ளை இல்லாமல் தட்டு மாற்றினால் நைனாவுக்கு என்ன மரியாதை என்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். சாயங்காலம் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் முழுக்கக் கரைந்து தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மருந்து போயிருக்கும், திரும்பப் போய் வேறு வாங்கி வருகிறேன் என்றீர்கள். யாருக்குத் தெரியப்போகிறது, போடாமல் விட்டால் உங்கள் மேல்தான் புகார் எழுதுவார்கள் என்று சொன்னதும் நான்தான். மறுநாள் போட்டீர்கள். மூன்று வாரத்தில் பதினேழு மாடு செத்தது. நீங்கள் ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன், சண்டை போட்டு ஓய்ந்திருப்போம். நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஜமுனாவின் காலைக் கழுவுங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அது ஆறிய பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். முதலை உள்ள தண்ணீரில் இறங்காதீர்கள்.

உண்ணாமலை

*

செஞ்சி
9-12-1962

என் கணவர் அவர்களுக்கு உண்ணாமலை வணக்கத்துடன் எழுதுவது.

சீனாக்காரன் சண்டையால் கப்பல் இல்லை, தபால் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஒரு மாதம் என்னைப் பைத்தியமாக அடித்துவிட்டார்கள். டீக்கடை ரேடியோவில் செய்தி சொல்லும் நேரம் எனக்கு மனப்பாடம். எல்லைக்கும் உங்கள் தீவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சாரதா டீச்சர் படத்தில் காட்டினார். காட்டினால் மட்டும் மனசு கேட்குமா? சண்டை நின்ற பிறகு, போன மாதக் கடைசியில் உங்கள் கடிதம் வந்தது.

ஜமுனா புண் ஆறி, ஒரு காலை நேரம் கடலோரமாகவே நடந்து, காட்டுக்குள் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். நீங்களும் பாகனும் வெகுநேரம் அங்கேயே நின்றீர்களாம். பாகன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். உங்களுக்கு மாயாபந்தரில் வனத்துறை யானைகளுக்கு வைத்தியம் பார்க்கும் வேலை கொடுப்பதாகச் சொல்கிறார்களாம். பர்மாக்காரக் கரேன்களும், வங்காள அகதிகளும், ராஞ்சிக்காரர்களும், பழைய கைதிகளின் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து வாழும் ஊர், யாரும் யாரையும் பழைய கதை கேட்பதில்லை, நீயும் குழந்தையும் வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள்.

இந்த வார்த்தையைத்தான் ஒரு வருஷமாக எதிர்பார்த்தேன். படித்ததும் பெட்டியை இறக்கித் துடைத்தேன். அமிர்தாவின் பாவாடைகளை மடித்தும் வைத்தேன். பிறகு, பழைய கதை கேட்காத ஊர் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அப்படியே புடவையை மாற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சிங்கவரத்துக்கு நடந்தேன்.

காத்தாயியை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு காணி நிலம் கிடையாது, ஒரு ஜோடி மாடும் வண்டியும்தான் அவர்களுக்குச் சொத்து. அவள் புருஷன் பொன்னுசாமி அதில்தான் வாடகைக்கு வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போவார். மாடு போன பிறகு இருவரும் கூலிக்குப் போகிறார்கள். நான் போனபோது கடலைக்கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயதார்த்தம், ஐஸ், நான் சொன்ன வார்த்தை, ஒன்றும் விடவில்லை.

களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். "நான் அங்காளம்மனுக்கு வேண்டிக்கிட்டதைச் செய்யலன்னுதான் மாடு போச்சுன்னு எம் புருசன் இன்னிக்கு வரைக்கும் சொல்றாரு. அதுக்கு என்னை அடிச்சிருக்காரு. நானும் ஆமா என் தப்புதான்னு நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றாள். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம்முடைய பயத்தால் செத்தது மாடு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நஷ்டஈடு தருவதைப் பற்றி வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "எங்கிட்ட சொன்னா போதுமா? வாங்க, அவராண்ட வந்து சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வண்டிப் பேட்டை மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இருந்தார்கள். அவர்கள் நடுவில் பொன்னுசாமியிடம் மறுபடி சொன்னேன். ஒருவர் கத்தினார். ஒருவர், நல்ல மருந்து போட்ட ஊரிலும் மாடு செத்ததே, யார் கண்டது என்றார். பொன்னுசாமி பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவர்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

செய்தி எனக்கு முன்னால் செஞ்சிக்கு வந்துவிட்டது. நைனா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. கடைக்குச் சிங்கவரத்து ஆட்கள் வருவதில்லை. ரஞ்சிதம் வந்து, என் கல்யாணத்துக்கு இப்படி ஒரு பேர் வாங்கிக் கொடுத்தாயே அக்கா என்று அழுதுவிட்டுப் போனாள். இவ்வளவு நடந்தும், முன்பு போல வாசலுக்கும் உள்ளுக்கும் அலைவது குறைந்திருக்கிறது. முழுக்க நிற்கவில்லை.

நேற்று சந்தைக்கு வந்த காத்தாயி நம் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள். "நீங்க சொல்லிட்டீங்க. அவரு வந்து சொல்லட்டும். கடுதாசில எழுதி அனுப்பச் சொல்லாதீங்க, எங்க ஊட்டாண்ட வந்து நிக்கச் சொல்லுங்க" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அதனால் இப்போது நான் அங்கே வரமாட்டேன். நீங்கள் வாருங்கள். வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மாசி முடிவதற்குள் ஒரு நடை வந்து போக உத்தரவு கேளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் நானும் அமிர்தாவும் வந்து நிற்கிறோம். அங்கிருந்து வீட்டுக்குக்கூட வரவேண்டாம், நேரே சிங்கவரம் போவோம். அவர்கள் சொல்வதை நின்று கேட்போம். நான் உங்கள் பக்கத்தில் இருப்பேன், ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டேன். அதன்பிறகு எந்தத் தீவுக்குக் கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். கடல்பசுவை நானும் பார்க்க வேண்டும்.

கப்பலில் காற்றடிக்கும் பக்கம் படுக்காதீர்கள், உங்களுக்கு மார்ச்சளி பிடித்துக்கொள்ளும். கடலும் வானமும் உங்களுக்கு வழிவிடட்டும். வந்துவிடுங்கள்.

உங்கள்
உண்ணாமலை