ஒரு மணிக்கு வந்த வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி தேவலையா? எனக்கு இருமல்கூட விட்டுவிட்டது.

வேலையில் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் அலுவலக வருகைப்பதிவு வலைப்பக்கத்தில், திரையில் தெரியும் எழுத்தும் அதை இயக்கும் நிரலும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. அவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிப்பது என் பொறுப்பு. பிரிக்கும்போது, ஒரு மணி தாண்டியும் இடைவேளைக்குப் போகாதவர்களுக்கு "போய்ச் சாப்பிடு" என்று காட்டும் நிரல் ஒன்றைக் கண்டேன். தேவையில்லை என்று நீக்கிவிட்டேன்.

மறுநாள் ஒரு மணிக்கு என் திரையில் மட்டும், "நேத்தும் நீ சாப்பிடல" என்று வந்தது. எல்லாக் கோப்புகளையும் சல்லடை போட்டுத் தேடினேன். அப்படியொரு வரியே இல்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கத்தை எழுதினவர் உன் சீட்லதான் இருந்தார். போன வருஷம் தவறிட்டார்மா."

நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். ஆனால் நான் முந்தைய நாள் சாப்பிடாதது உண்மைதான். எழுந்து போய்ச் சாப்பிட்டு வந்தேன். திரையில், "ம், நல்லது" என்றிருந்தது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். என் கம்பளிச் சட்டையைப் பார்சலில் அனுப்புங்கள். முடிந்தால் மதியத்தில் ஒரு போன் போட்டு, சாப்பிட்டாயா என்று நீங்களும் கேளுங்கள். இப்போதைக்கு இங்கே கேட்பவர் அவர் ஒருவர்தான்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்