‘வீடு திரும்பினர்’: 212 வரிகள்

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 9.40. 212 வரிகள்.

பழைய கோப்புகளை அழிக்கத்தான் உட்கார்ந்தேன் அண்ணா. உங்கள் பெயரில் ஒன்று இருந்தது. போர் முடிந்த பிறகு இலங்கையிலிருந்து வந்த செய்தி வாக்கியங்கள். எல்லாவற்றிலும் ‘வீடு திரும்பினர்’ இருந்தது. ஒவ்வொன்றின் எதிரிலும் நீங்கள் அடித்த ஒரு குறிப்பு.

டெங்குவில் நான்கே நாளில் நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

பழைய செய்தித்தாள்களைச் சுருக்கிச் சொல்லும் மென்பொருளுக்காக, ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று பேர் படித்து, அதில் சொல்லப்படும் செயல் ‘முடிந்தது’ அல்லது ‘முடியவில்லை’ என்று குறிக்க வேண்டும். இரண்டு பேர் சொல்வதே சரி. அந்த விதியை எழுதியவன் நான். ‘வீடு திரும்பினர்’ என்று பார்த்ததும் மற்ற இருவரும் ‘முடிந்தது’ போட்டார்கள். நீங்கள் ‘முடியவில்லை’ போட்டீர்கள். உங்கள் மதிப்பெண் சரிந்தது. உங்கள் மேஜைக்கு வந்தேன்.

“ஸ்கோர் பாத்தீங்களா அண்ணா? உங்களோடது மட்டும்தான் இடிக்குது.”

திரையில் ஒரு வரியைக் காட்டினீர்கள். ‘முகாமிலிருந்து அறுபது குடும்பத்தினர் நேற்று வீடு திரும்பினர்.’

“இவையை ஏத்திக்கொண்டு போன பஸ்ஸில நானும் இருந்தனான் தம்பி. பள்ளிக்கூட வாசலில இறக்கி விட்டவங்கள். எங்கட வீட்டுப் பக்கம் மிதிவெடி எண்டு சிவப்பு நாடா கட்டியிருந்தது. அம்மா நாடாவுக்கு இங்கால நிண்டு எங்கட கிணத்தை எட்டிப் பாத்தவ.”

“சரி, அப்புறம் போயிருப்பீங்கல்ல?”

“இன்னும் இல்லை.”

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். “அது உங்க கதை அண்ணா. டேட்டா இல்ல.”

நீங்கள் கோபப்படவில்லை. “பேப்பரிலயாவது வீட்ட போயிட்டம்” என்று சிரித்தீர்கள். பிறகு, “இந்த ஒண்டை மட்டும் விடுமன்” என்று கேட்டீர்கள். ஒன்றுக்கு விட்டால் எல்லாவற்றுக்கும் விட வேண்டும் என்றேன். மேலாளரிடம், “படிக்காமலே முடியவில்லைன்னு போடுறார்” என்று சொல்லி, அடுத்த வாரமே உங்களை விளம்பரங்களைப் பிரிக்கும் வேலைக்கு மாற்றினேன். உங்கள் குறிப்புகளைத் தொகுப்பிலிருந்து நீக்க இரண்டு வினாடிதான் ஆனது.

நீலசந்திராவில் நீங்கள் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்து, பெட்டியின் மேல் உங்கள் அம்மாவின் முகவரியை எழுதியதும் நான்தான். யாரோ ஒரு மாமியின் வீடு, கேர் ஆஃப். அப்போதும் உறைக்கவில்லை. ‘அவர் பொருட்களை வீட்டுக்கு அனுப்பியாச்சு’ என்று ஆபீஸ் குரூப்பில் போட்டேன். பதினொரு பேர் கைகூப்பினார்கள்.

இன்றுதான் குறிப்புகளைப் படித்தேன். ‘பள்ளிக்கூடம்.’ ‘கோயில் மண்டபம்.’ ‘காணி ஆமியிட்ட’, அதாவது நிலம் ராணுவத்திடம். நடுவே பதினான்கு வரிகளில் நீங்களும் ‘முடிந்தது’ போட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்று: ‘சித்தியிட்ட போனில கேட்டனான். இவை வீட்ட போயிட்டினம். சந்தோசம்.’

ஒரு வாக்கியத்துக்கு எட்டு வினாடி என்று நான் கணக்குப் போட்டிருந்த வேலைக்கு, உங்கள் சொந்தப் போனிலிருந்து ஊருக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள். படிக்காமல் போட்டது நீங்கள் இல்லை. உங்கள் குறிப்புகளில் ஒன்றைக்கூடப் படிக்காமல் தூக்கிப் போட்டது நான்.

இனி:

1. 212 குறிப்புகளையும் தொகுப்பில் திரும்பச் சேர்ப்பேன். இன்றே.

2. திங்கட்கிழமை கூட்டத்தில், உங்களைப் பற்றி நான் சொன்னது பொய் என்று சொல்வேன். மூன்றில் இரண்டு விதியை எடுக்கச் சொல்வேன். மறுத்தால், என் பெயரை அந்த வேலையிலிருந்து எடுக்கச் சொல்வேன்.

3. உங்கள் அம்மாவுக்குப் போன் செய்வேன். மன்னிப்பெல்லாம் அப்புறம். முதலில், அந்த நாடா இன்னும் இருக்கிறதா என்று கேட்பேன்.

4. அவர் என்ன சொல்கிறாரோ, அதை அப்படியே, அந்த அறுபது குடும்பங்களின் வரிக்கு எதிரில், உங்கள் குறிப்புக்குக் கீழே எழுதுவேன்.